கோடு விழாமல் துடைப்பது

“காரைக் கோடு விழாம எப்படிங்க தொடைக்கறது?”

சென்னியப்பன் கேட்ட கேள்வி இதுதான்.

வண்டியம்மாவைத் தேடி வருகிறவர்கள் இப்படியெல்லாம் கேட்பதில்லை. செத்தவர்கள் எங்கே போகிறார்கள், நாம் அழுவது அவர்களுக்குக் கேட்குமா, எனக்கு எப்போது விடுதலை என்று கேட்பார்கள். மயானத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஊர்ப் பிணங்களையெல்லாம் காசு வாங்காமல் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிற பெண்ணிடம் வேறு எதைத்தான் கேட்பது?

அவள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். சிலவற்றுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அந்த டீயைக் குடித்துத் தெளிந்து போனவர்கள் உண்டு. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஆனால் கார் துடைப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

வண்டியம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். வந்தவருக்கு அறுபது.

“எதுக்குங்கண்ணா கேக்கறீங்க?”

“என்ற புள்ள கேட்டா.”

“புள்ள எங்க?”

சென்னியப்பன் வெளியே நின்ற கருப்பு வண்டியைப் பார்த்தார். கண்ணாடி வைத்த, பெட்டி போன்ற நீள வண்டி. அதற்கு அமரர் ஊர்தி என்று பெயர்.

“நீங்கதானுங்க கொண்டாந்து விட்டீங்க. ஆடி மாசம். ஆஸ்பத்திரியில இருந்து பல்லடத்துக்கு.”

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

*

சென்னியப்பனுக்குப் பல்லடத்தில் தறிக்குடோன். ஒரே மகள் சிந்துஜா. ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி கல்யாணம் செய்தார். மாப்பிள்ளைக்குக் கார் சீர். வெள்ளை வாங்கலாம் என்று இவர் சொன்னார். கருப்புதான் வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். கருப்பு வாங்கிக் கொடுத்தார்.

கருப்பில் எல்லாமே தெரியும். கல்யாணம் முடிந்து மாமியார் வைத்த முதல் சட்டம், காரைத் தினமும் மருமகள்தான் துடைக்க வேண்டும் என்பது. உங்கப்பன் கொடுத்த கார்தானே, நீயே பார்த்துக்கொள் என்றாள். சிந்துஜா துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கோடு விழுந்தது. வெயிலில் பார்த்தால் முடி முடியாகக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பேச்சு. பேச்சு மட்டும்தானா என்று இவர் கேட்டதில்லை.

அவள் போன் பண்ணுவாள்.

“அப்பா, காரைக் கோடு விழாம எப்படிப்பா தொடைக்கறது?”

“நம்ம தறித்துணி இருக்குதில்ல அம்மிணி? அதுல அழுத்தித் தொட. போயிரும்.”

“போக மாட்டீங்குதுப்பா.”

“இன்னொரு பீஸ் அனுப்பறேன்.”

“சரிங்கப்பா.”

கடைசியாகப் பேசிய அன்றும் இதைத்தான் கேட்டாள். இவர் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அதே பதிலைச் சொன்னார். மறுநாள் அவள் இல்லை. தானாகவே முடித்துக்கொண்டாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

கேஸ் ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் சொந்தபந்தங்கள் உட்கார்ந்து பேசி, சீர் சாமான்களைத் திருப்பி அனுப்ப வைத்தார்கள். கட்டில் வந்தது. பீரோ வந்தது. கார் வந்தது.

மகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சென்னியப்பன் அமரர் ஊர்தியின் பக்கவாட்டில் நின்றார். அந்தக் கருப்பில் தன் முகம் தெரிந்தது. ஒரு கோடு இல்லை. இவ்வளவு பெரிய வண்டியில் ஒரு கோடுகூட இல்லாமல் யார் துடைக்கிறார்கள் என்று நினைத்தார். மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு இதையா பார்ப்பான் ஒரு தகப்பன் என்று நீங்கள் கேட்கலாம். இதைத்தான் பார்த்தார். துக்கத்தில் கண் எங்கே போகும் என்று யார் கண்டது?

*

“இப்பத் தெரிஞ்சு என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?” என்றாள் வண்டியம்மா.

“தெரியோணுமுங்க.”

“தெரிஞ்சா?”

“அன்னிக்கு அதுக்குப் பதில் தெரிஞ்சிருந்தா என்ற புள்ள இருந்திருப்பாளுங்க. அப்பங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. எனக்குத் தெரியல. அதத் தெரிஞ்சுக்காம என்னால சாகக்கூட முடியாதுங்க.”

வண்டியம்மா அடுப்புப் பக்கம் பார்த்தாள். டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாளோ என்று அவர் பயந்தார்.

“நாளைக்கு வாங்க. எந்தத் துணியில தொடைக்கறீங்களோ, அதையும் எடுத்துட்டு வாங்க.”

*

மறுநாள் ஒரு பீஸ் காடாத் துணியை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். தறியிலிருந்து அறுத்த துணி. சாயம் ஏறாத, அரிசி நிறத் துணி.

“எங்க நெய்ஞ்சது?”

“நம்ம குடோன்லதானுங்க. ஒரு இழை விட்டுப்போயிருக்காது, பாருங்க.”

“புள்ளைக்கும் இதேதான் அனுப்புனீங்களா?”

“இதேதானுங்க. கடையில விக்கற கண்ட துணியில தொடைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“உங்க கண்ணாடியக் கழட்டிக் குடுங்க.”

கொடுத்தார். அவள் காடாத் துணியின் மூலையால் கண்ணாடியைத் துடைத்தாள். மெதுவாகத் துடைக்கவில்லை. அவர் மகளுக்குச் சொன்ன மாதிரி அழுத்தித் துடைத்தாள். வட்டம் வட்டமாக, இரண்டு பக்கமும்.

“போட்டுப் பாருங்க.”

போட்டார். வண்டியம்மாவின் முகத்தில் கோடு விழுந்திருந்தது. கொட்டகையில் கோடு. வெளியே வெயில் முடி முடியாகச் சிதறிக் கிடந்தது.

“கஞ்சி” என்றாள் அவள்.

அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றித்தான் நெய்வார்கள். அது காய்ந்து மொடமொடவென்று துணியிலேயே இருக்கும். போதாததற்குப் பஞ்சுக்கொட்டைத் தூள் வேறு. நன்றாக அலசி எடுக்காமல் காடாவை மேலில் போட்டால் தோல் வழண்டுவிடும் என்று ஊருக்கே சொல்கிறவர் சென்னியப்பன். நாற்பது வருஷமாக இதில்தான் சோறு.

ஆனால் மகளுக்கு அனுப்புகிற துணியை அலசி, பழந்துணி மாதிரி அனுப்ப மனசு வரவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? புதுத்துணியாக, மடிப்புக் கலையாமல் அனுப்பினார். கோடு விழுகிறது என்று அவள் சொல்லச் சொல்ல இன்னும் அனுப்பினார்.

“நான் அனுப்புனதாலயா?” என்றார்.

வண்டியம்மா காடாத் துணியை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“அந்தக் கோட்டயெல்லாம் போட்டது நானுங்களா?”

அவள் ஒரு பக்கெட்டை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

“தண்ணி அங்க இருக்குது.”

*

அன்று முதல் தினமும் வந்தார். தறியை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மனைவி வசந்தாமணி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். வேலையாக என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

முதல் நாள் வண்டியில் கை வைத்ததுமே வண்டியம்மா தடுத்தாள்.

“மோதிரம்.”

கழற்றினார்.

“வாட்ச்.”

கழற்றினார்.

“பெல்ட்டுல கொக்கி இருக்குது. அது உரசும்.”

பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பெரிய மனுஷனுக்கு அடையாளமாக இருந்ததெல்லாம் ஒரு ஸ்டூலின் மேல் கிடந்தது.

துணியைத் தொடவே விடவில்லை. வெறும் தண்ணீர்தான். மேலே இருந்து கீழே ஊற்றச் சொன்னாள். வண்டி சூடாக இருந்தால் ஊற்றக் கூடாது. வேப்பமரத்து நிழலில் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சென்னியப்பன் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்குப் பழக்கமில்லை.

“தூசி எல்லாம் போன பொறவுதான் துணி. தூசியோட தொடைச்சா மணலப் போட்டுத் தேய்ச்ச மாதிரி.”

“சரிங்க.”

“இப்ப பைப்புல இருக்கற மூக்கக் கழட்டிட்டு, வெறும் ட்யூப்ல தண்ணிய மெதுவா விடுங்க.”

பீய்ச்சாமல் விட்ட தண்ணீர் கூரையின் மேல் ஒரு போர்வை மாதிரி பரவி, பக்கவாட்டில் வழிந்தது. வழிந்த தண்ணீர் அங்கங்கே நின்ற துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பாதி வண்டி தானாகவே காய்ந்த மாதிரி ஆகிவிட்டது.

சென்னியப்பன் மீதித் தண்ணீரைக் கையால் தள்ளப் போனார்.

“வெரட்டாதீங்க. அதுவா போகுது.”

“மிச்சம் நிக்குதே.”

“மிச்சத்துக்குத்தான் துண்டு.”

கொடியிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்தாள். ஓரத்துத் தையலையும் கம்பெனி சீட்டையும் வெட்டி எறிந்த துண்டு. அதை இரண்டு கையாலும் விரித்துக் கூரையின் மேல் படிய விட்டாள். தேய்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுத் தூக்கினாள். துண்டு கனத்திருந்தது. கூரை காய்ந்திருந்தது.

“கோடித்துணி போத்தற மாதிரி போத்துங்க. போத்தி எடுங்க.”

சென்னியப்பன் துண்டை வாங்கி விரித்தார். மகள் மேல் கடைசியாகப் போர்த்திய கையும் இந்தக் கைதான். துண்டு வண்டியின் மேல் படியாமல் தரையில் நழுவிவிட்டது. குனிந்து எடுத்து, உதறிவிட்டு மறுபடியும் போர்த்தப் போனார்.

“கீழ விழுந்தத மறுபடி வைக்காதீங்க. மண்ணு ஒட்டியிருக்கும்.”

“தெரியாம விழுந்துருச்சுங்க.”

“தெரியாம விழுந்தாலும் மண்ணு மண்ணுதான்.”

அவருக்கு ஆத்திரமாக வந்தது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. எங்கே போவது? வீட்டில் அந்தக் கார் நிற்கிறது. வேறு துண்டு எடுத்தார்.

*

மெழுகு போடக் கற்றுக்கொடுக்க அவள் அவசரப்படவில்லை. ஒரு நாள் தானாகவே டப்பாவை எடுத்து வந்தாள்.

சென்னியப்பன் விரலால் ஒரு கட்டி எடுத்தார்.

“கம்மி பண்ணுங்க.”

பாதியை வழித்துப் போட்டார்.

“இன்னும்.”

“இதுக்கு மேல என்னங்க இருக்குது?”

“அதுதான் அளவு.”

வட்டமாகச் சுற்றாமல், நேராக, ஒரு கதவு முடிந்த பிறகு அடுத்த கதவு. பூசிய இடம் வெளுத்து மங்கியது. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், சுத்தமான துணியை எடுத்துக் கொடுத்தாள்.

“எடுத்துருங்க.”

“இப்பத்தானுங்க போட்டோம்?”

“போட்டதையெல்லாம் எடுத்துருங்க.”

“எடுத்துட்டா அப்பறம் என்ன இருக்கும்?”

“எடுத்த பொறவு இருக்கறதுதான் மெழுகு.”

எடுத்தார். வண்டிக்குள்ளே இன்னொரு வேப்பமரம் முளைத்த மாதிரி தெரிந்தது. கோடு விழுந்த கண்ணாடி வழியாகப் பார்த்தும் அவ்வளவு பளபளப்பு. சென்னியப்பனுக்கு ஆடி மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ இளகியது.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு கிழவர். வண்டியம்மா ஏறி உட்கார்ந்து போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி முழுக்க மண். நசுங்கிய சாமந்தி, பொரி, யாரோ எச்சில் கையோடு பிடித்த தடம். பின்கதவில் ஒரு பெண்ணின் பத்து விரலும் பதிந்திருந்தன. விடமாட்டேன் என்று பிடித்திருப்பாள்.

“போச்சுங்க. எல்லாம் போச்சு” என்றார் சென்னியப்பன்.

வண்டியம்மா பக்கெட்டை எடுத்து வைத்தாள்.

அவர் அந்த விரல் தடங்களின் மேல் தண்ணீர் ஊற்றினார். அவை கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

ஒரு நாள் துண்டை விரித்துப் போர்த்தி எடுத்தபோது, வண்டியம்மா பக்கத்தில் வந்து பார்த்தாள். வெயிலில் பார்த்தாள், நிழலில் பார்த்தாள். குனிந்து, சாய்ந்து பார்த்தாள்.

“கோடு இல்ல” என்றாள்.

“கத்துக்கிட்டேனுங்களா?”

“கத்துக்கிட்டீங்க.”

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் வந்தார். வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். சென்னியப்பன் ஸ்டூலின் மேல் கிடந்த மோதிரத்தையும் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு, மாட்டாமலேயே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தன் வீட்டு வாசலில் நின்ற மகளின் காரைக் கழுவினார். தண்ணீரைப் போர்வையாக விட்டார். துண்டைப் போர்த்தி எடுத்தார். மெழுகு பூசி, காத்திருந்து, எடுத்தார். கதவுகள் மின்னின. கூரை மின்னியது. எல்லாம் சரியாக வந்தது, முன்பக்கம் தவிர.

முன்பக்க என்ஜின் மூடியின் மேல் கோடுகள் அப்படியே இருந்தன. மெழுகு போட்ட அன்று கொஞ்சம் மறைந்த மாதிரி தெரிந்தது. அடுத்த வெயிலில் மறுபடியும் எழுந்து வந்தன. மறுபடியும் போட்டார். மறுபடியும் வந்தன.

கொட்டகைக்கு ஓடினார்.

“போக மாட்டீங்குதுங்க.”

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டார். இதையே வேறொரு குரல் தன்னிடம் சொன்னது காதில் கேட்டது.

வண்டியம்மா எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

*

அமரர் ஊர்தி தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் திறந்தன. மறுபடியும் அந்த வீட்டிலா என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். வண்டியம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, காரின் முன்னால் நின்றாள்.

“புள்ள குட்டையா?”

“ஆமாங்க. அவங்கம்மா மாதிரி. எப்படித் தெரியும்?”

“இந்தப் பக்கம் நின்னு இவ்வளவு தூரம் கை எட்டியிருக்குது. அந்தப் பக்கம் போய் நின்னு அவ்வளவு தூரம். நடுவுல எட்டல.”

சென்னியப்பன் பார்த்தார். மூடியின் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகக் கோடு. நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் புதுசாகவே இருந்தது. இத்தனை நாள் தினமும் தேய்த்தும் இது கண்ணில் படவில்லை. கோட்டைப் பார்த்தாரே தவிர, கையைப் பார்க்கவில்லை. அவளுடைய கை. வளையலோடு, அப்பன் சொன்னபடி அழுத்திச் சுற்றிய கை.

“இதுக்கு மெழுகு பத்தாதுங்கண்ணா. மெழுகு மூடி வைக்கும், அவ்வளவுதான். எடுக்கோணும்னா பெயிண்டையே ஒரு தோல் சீவி எடுக்கோணும். எடுத்துரலாமுங்களா?”

எடுத்தால் அவள் கை போய்விடும். விட்டால் அவள் பட்ட பாடு வாசலிலேயே நிற்கும்.

உள்ளேயிருந்து வசந்தாமணியின் குரல் வந்தது.

“ஏனுங்க, மோட்டாரு ஓடுதுங்களா?”

“ஓடுது.”

திரும்பாமலேயே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

“ஏனுங்க, பால்காரன் வந்துட்டுப் போயிட்டானா?”

“தெரியில.”

வண்டியம்மா சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை.

“அண்ணி வெளிய வரமாட்டாங்களா?”

“இந்தக் காரு வந்து நின்னதிலிருந்து வாசப்பக்கமே வரதில்லீங்க. எங்க போனாலும் பொறவாசல் வழியாத்தான்.”

“காத்தால இருந்து உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க?”

சென்னியப்பன் யோசித்தார். “என்னமோ கேட்டாளுங்க. கேஸு சிலிண்டரு தீந்துருச்சான்னு. கரண்டு பில்லு. இப்ப மோட்டாரு.”

“நேத்து?”

“இதே மாதிரிதான் ஏதாச்சும் கேப்பாளுங்க. கேட்டுட்டே இருப்பா.”

“முன்னாடியெல்லாம் கேப்பாங்களா?”

“இல்லீங்க. வூட்டு வேலையப் பத்தி என்னை எதுவும் கேக்க மாட்டா. எனக்கு என்ன தெரியும்?” 

வண்டியம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். காரின் மேல் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்த அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க” என்றது குரல். “மிக்ஸி ஓட மாட்டீங்குதுங்க. என்ன பண்றது?”

“அடியில செவப்பு பட்டன் இருக்கும் பாரு. அத அமுக்கி…”

வண்டியம்மா அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

வெறுங்கையோடு நின்றார். வாய் பாதியில் நின்றது. உள்ளே சத்தமில்லை. மறுகேள்வி வரவில்லை. பட்டனைத் தேடுகிற சத்தமும் வரவில்லை.

சென்னியப்பன் திரும்பினார். செருப்போடு உள்ளே ஓடினார்.

*

வசந்தாமணி அடுப்பு மேடைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அமுக்கிட்டேனுங்க. அப்பவும் ஓடல” என்றாள்.

மிக்ஸி ஜாரில் ஒன்றும் இல்லை. தேங்காயும் இல்லை, மிளகாயும் இல்லை. மிக்ஸியின் வயர் மேடையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை ப்ளக்கில் சொருகவே இல்லை.

அவர் அந்த வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேடை மேல் வைத்தார்.

“என்ன வசந்தா?”

“மிக்ஸிதானுங்க.”

“மிக்ஸி கெடக்குது. உனக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க.”

முன்பென்றால் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வெளியே போயிருப்பார். போனில் எத்தனை தடவை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் கீழே, தரையிலேயே உட்கார்ந்தார். அவள் புடவை முனையைப் பிடித்தார். அறுபது வயதில், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“சொல்லு. எனக்குத் தெரியோணும்.”

வசந்தாமணி திரும்பினாள். ஆடிக்குப் பிறகு அவர் இந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. யாரோ மாதிரி இருந்தாள்.

“எனக்கும் அவகிட்டயே போயிரலாம்னு இருக்குதுங்க” என்றாள். “உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் தெனமும் கூப்புடறேன். வாயத் தொறந்தா மோட்டாரு, பாலுன்னு வந்துருது.”

வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் எழுந்து போகவில்லை.